டோனர் ஒலிக்கவில்லையா, எல்லாக் கேபிளிலும் ஒலிக்கிறதா: கேபிள் தேடும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிமுறையும்

பெயர்ச்சீட்டு இல்லாத கேபிள்கள் ஒரு ரேக்கின் பின்னால் கற்றையாகத் தொங்கும்போது, அவற்றுள் நமக்கு வேண்டிய ஒன்றைக் கண்டுபிடிக்க ஒலிச் சைகையை அனுப்பும் டோனரையும், அதைக் கேட்டறியும் ப்ரோபையும் விட எளிய கருவி வேறில்லை. ஒரு முனையில் டோனரை அதன் சிவப்பு, கறுப்புக் கிளிப்புகளால் மாட்டி ஒலியை அனுப்பி, மறுமுனையில் ப்ரோபின் நுனியால் ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுக் கேட்டால் போதும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஒலியே வராதபோதும், எல்லாக் கேபிளிலும் ஒரே மாதிரி வரும்போதும் கருவி கெட்டுவிட்டதாக முடிவு செய்கிறார்கள். அப்படி என்னிடம் வந்த டோனர்களில் உண்மையாகவே கெட்டிருந்தவை மிகச் சிலவே. மற்றவற்றில் கோளாறு பேட்டரியில் இருந்தது, அல்லது கிளிப்பின் வேரில் அறுந்திருந்த கம்பியில் இருந்தது, அல்லது இரண்டாவதான கறுப்புக் கிளிப்பை எங்கே மாட்டினார்கள் என்பதில் இருந்தது. இந்த மூன்றாவது காரணமே அதிகம் என்பதால், கீழே பல அறிகுறிகளின் கீழும் அந்த இரண்டாவது கிளிப்பைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வரும்.

நெட்வொர்க், தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா போன்ற குறைந்த மின்னழுத்தக் கேபிள்களுக்கு மட்டுமே இந்த வழிமுறை பொருந்தும்.

கிளிப்பை மாட்டுவதற்கு முன்

கேபிளில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் முதலில் பார்த்துவிட வேண்டும். தொலைபேசி இணைப்பில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். மணி அடிக்கும் நேரத்தில் அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தம் வரும், அது கையில் பட்டால் நன்றாகவே உதறும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் நெட்வொர்க் சுவிட்சுகளில் (பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டிகளில்) 44 முதல் 57 வோல்ட் வரை இருக்கலாம். தரப்படி அமைந்த சுவிட்ச், மறுமுனையில் தகுந்த சாதனம் இருப்பதைச் சோதித்து அறிந்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். ஆனால் கேமராக்களுக்கும் வயர்லெஸ் கருவிகளுக்கும் பயன்படும் மலிவான இன்ஜெக்டர்கள் (கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்கும் சிறு பெட்டிகள்) பல, எதையும் சோதிக்காமல் எப்போதும் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். டோனரை எரித்துவிடுபவை பெரும்பாலும் இவைதான்.

பல டோனர்களில் உள்ள சிறு விளக்கு, டோனர் அணைந்த நிலையிலும் தொலைபேசி இணைப்பில் மாட்டியவுடன் எரியும். அது கோளாறு அன்று. இணைப்பில் மின்னழுத்தம் இருப்பதையும் அதன் துருவம் நேராக இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்பதையும் காட்டுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த விளக்கு எரிந்தால், கன்டினியூட்டி நிலைக்கு, அதாவது கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் நிலைக்கு, மட்டும் டோனரை மாற்றக் கூடாது.

வீட்டு மின்சார வயரைத் தேட இந்தச் சாதாரண டோனரை ஒருபோதும் மாட்ட வேண்டாம். சுவரில் இருப்பது மின்சார வயரா, நெட்வொர்க் கேபிளா என்று சந்தேகம் வந்தாலே வேலையை நிறுத்திவிட்டு, மின்சாரக் கம்பிகளுக்கென்று சான்று பெற்ற கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைப்பதே முறை. இடி மின்னல் நேரத்தில், கட்டடத்துக்கு வெளியே செல்லும் எந்தக் கேபிளிலும் கை வைக்கக் கூடாது.

அறிகுறி: ப்ரோபில் ஒலியே கேட்கவில்லை

இதில் இரண்டு கிளைகள் உண்டு. எந்தக் கிளை என்று அறிய, டோனரை இயக்கி, எந்தக் கேபிளிலும் மாட்டாமல், ப்ரோபின் நுனியை டோனரின் சிவப்புக் கிளிப்புக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். டோனரும் ப்ரோபும் நல்ல நிலையில் இருந்தால் அங்கே உரக்க ஒலிக்கும். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யும் பழக்கம் இருந்தால், ஏணியில் ஏறிய பிறகு இறங்கி வரும் சங்கடம் பெரும்பாலும் நேராது.

*கிளிப்பின் அருகிலேயே ஒலி இல்லை என்றால்*

முதலில் நிலைமாற்றியைப் பார்க்க வேண்டும். ஒலி, அணைப்பு, கன்டினியூட்டி என்று மூன்று நிலைகள் கொண்ட டோனர்களில், ஒலிக்குப் பதில் கன்டினியூட்டியில் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாகவே அணைந்துவிடும் டோனர்களும் உண்டு; மாடி ஏறி ரேக்கை அடைவதற்குள் அது அணைந்திருக்கலாம். டிஜிட்டல் வகை டோனராக இருந்தால், ப்ரோபும் அதே டிஜிட்டல் நிலையில் இருக்க வேண்டும். டிஜிட்டல் சைகையைச் சாதாரண அனலாக் ப்ரோபால் இனம் காண முடியாது. ப்ரோபின் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும் என்பதும், ஒலியளவுச் சக்கரம் பையில் உரசித் தானாகவே சுழன்று குறைந்திருக்கலாம் என்பதும் சிறியவைதான் என்றாலும், இவற்றைப் பார்க்காமல் கருவியைத் திறக்கக் கூடாது.

அடுத்தது பேட்டரி. பெரும்பாலான டோனர்களும் ப்ரோபுகளும் 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகின்றன, இரண்டிலும் தனித்தனிப் பேட்டரி இருக்கிறது. டோனருக்குப் புதியது போட்டவர் ப்ரோபில் பழையதை விட்டுவிடுவது வழக்கம். புதிய ஆல்கலைன் பேட்டரி மல்டிமீட்டரில் 9 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும், 7.5 வோல்ட்டுக்குக் கீழே போனதை நான் மறு யோசனை இல்லாமல் மாற்றிவிடுவேன். பேட்டரி நன்றாக இருந்தும் கருவி இயங்காவிட்டால், அதன் மேல் பொருந்தும் இரண்டு பொத்தான்களில் பெரியதன் இதழ்கள் விரிந்து தளர்ந்துள்ளனவா என்று பார்த்து, சிறு இடுக்கியால் மெதுவாக உள்நோக்கி அழுத்திவிட வேண்டும். பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருந்தால், அந்தப் படிவைச் சுத்தம் செய்த பிறகே மேலே போக வேண்டும்.

மூன்றாவது சந்தேகம் டோனரின் கம்பிகள். கிளிப்பின் ரப்பர் உறைக்குள், கம்பி மடங்கும் இடத்தில், மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளிருக்கும் செம்பு இழைகள் அறுந்துவிடும். சோதனை எளியது: டோனரை எந்தக் கேபிளிலும் மாட்டாமல் கன்டினியூட்டி நிலையில் வைத்து, இரண்டு கிளிப்புகளையும் ஒன்றையொன்று கடிக்கவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தாலும் எரியாவிட்டாலும், கம்பிகளை வேரில் இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைக்கும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அறுந்த இடம் தெரிந்துவிட்டது. அறுந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டி, புதிய கிளிப்பைச் சால்டர் செய்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி இல்லை என்றால், குற்றம் டோனரிலா ப்ரோபிலா என்று பிரிக்க வேண்டும். டோனரை அணைத்துவிட்டு, ப்ரோபை எரிந்துகொண்டிருக்கும் டியூப்லைட்டின் அருகிலோ, இயங்கும் ஒரு சாதனத்தின் மின்வயரின் அருகிலோ கொண்டுபோனால் உறுமல் கேட்க வேண்டும். கேட்டால் ப்ரோப் உயிருடன் இருக்கிறது, டோனரே பழுது. கேட்காவிட்டால் ப்ரோப் பழுது. உள்ளிருக்கும் மின்சுற்றைப் பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையை நெருங்கிவிடும் என்பதால், பிரித்த பிறகு பழுதான ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது. அனலாக் வகையில் வேறு நிறுவனத்தின் டோனரும் பொதுவாகப் பொருந்தும். டிஜிட்டல் வகையில் அதே தயாரிப்பின் இணை வேண்டும்.

*கிளிப்பின் அருகில் ஒலிக்கிறது, மறுமுனையில் இல்லை என்றால்*

இங்கே கருவி நலமாக இருக்கிறது. ஒலி கேபிளுக்குள் போகவில்லை, அல்லது போன வழியில் அழிகிறது. ஜாக்கில் நான்கு அல்லது ஆறு பின் கொண்ட தொலைபேசிப் பிளக்கை நேரடியாகச் செருகியிருந்தால், ஒலி நடுவில் உள்ள 4, 5 ஆகிய பின்களில், அதாவது நீல ஜோடியில் மட்டுமே செல்கிறது (நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கும்). அந்த ஒரு ஜோடி ஜாக்கில் சரியாகப் பஞ்ச் செய்யப்படாமல் (இடுக்கில் அழுத்திப் பொருத்தப்படாமல்) விடப்பட்டிருந்தால், மற்ற மூன்று ஜோடிகளும் நன்றாக இருந்தாலும் ஒன்றும் கேட்காது. மேலும், அந்தச் சிறிய பிளக்கின் பிளாஸ்டிக் ஓரங்கள் எட்டுப் பின் ஜாக்கின் 1, 8 ஆகிய கடைசிப் பின்களை நசுக்கி வளைத்துவிடக் கூடும். நல்ல ஜாக்கைக் கெடுக்காமல் இருக்க, ஒரு முனையில் எட்டுப் பின் பிளக்கும் மறுமுனையில் உரித்துப் பிரித்த கம்பிகளுமாக ஒரு சிறு பேட்ச் கார்டை (குட்டை இணைப்புக் கேபிளை) பையில் வைத்துக்கொண்டு, அந்தக் கம்பிகளில் கிளிப்புகளை மாட்டுவதே நல்ல பழக்கம்.

ஜோடியை மாற்றிப் பார்த்தும் கேட்காவிட்டால், இரண்டாவது கிளிப்பை இடம் மாற்ற வேண்டும். ஒரே ஜோடியின் இரு கம்பிகளில் இரு கிளிப்புகளையும் மாட்டும்போது, முறுக்கின் காரணமாக ஒலி வெளியே மிகக் குறைவாகவே தெரியும். சிவப்புக் கிளிப் ஒரு கம்பியிலும் கறுப்புக் கிளிப் எர்த்திலும் இருந்தால் அதே கேபிள் பன்மடங்கு உரக்க ஒலிக்கும். ரேக்கின் எர்த் பட்டையும், எர்த்துடன் இணைந்த உலோகக் குழாயும் இதற்குப் போதும். எர்த் கிடைக்காத இடத்தில், கறுப்புக் கிளிப்பை அதே கேபிளின் வேறொரு ஜோடியில் மாட்டலாம். கறுப்புக் கிளிப்பைக் காற்றில் தொங்கவிட்டாலும் மெல்லிய ஒலி வரத்தான் செய்யும். அதை நம்பிப் பத்து மீட்டருக்கு மேல் தேடப் போனால் நேரம்தான் வீணாகும்.

எர்த்துடன் மாட்டியும் மறுமுனையில் ஒலி இல்லை என்றால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு அந்தக் கேபிள் வரவே இல்லை, அல்லது வழியில் அறுந்திருக்கிறது. அதைப் பாதிவழியில் ஒலி நிற்பது பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

அறிகுறி: எல்லாக் கேபிளிலும் ஒலி கேட்கிறது

மிக அதிகமாகக் கேட்கப்படுவதும், மிக அதிகச் சேதம் விளைவிப்பதும் இதுதான். ஒலி கேட்டது என்பதற்காக ஒரு கேபிளை வெட்டிய பிறகு, அது பக்கத்துத் துறையின் இணைப்பு என்று தெரியவந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு நான் ஒலியை மட்டும் கேட்டேன், உறுதி செய்யவில்லை. அதன் பிறகு, கீழே சொல்லியிருக்கும் ஷார்ட் சோதனையைச் செய்யாமல் எந்தக் கேபிளையும் நான் வெட்டியதில்லை.

ஒலியளவிலிருந்து தொடங்க வேண்டும். தொலைவில் கற்றையைத் தேடும்போது ஒலியளவை முழுதாக வைக்கலாம். கற்றையை அடைந்த பிறகு அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முழு ஒலியளவில் இருபது கேபிள்களும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். கேட்பதும் கேட்காததுமாக இருக்கும் அளவுக்குக் குறைத்துவிட்டால், உண்மையான கேபிள் மட்டுமே எஞ்சி ஒலிக்கும்.

பிறகு கற்றையைத் தளர்த்த வேண்டும். பல மீட்டர் தூரம் ஒன்றோடொன்று இறுகிக் கட்டப்பட்டு வரும் கேபிள்களுக்கிடையே ஒலி கசியும். கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு கேபிளையும் இரண்டு விரல் இடைவெளிக்குப் பிரித்து, ப்ரோபின் நுனியை வெளியுறையின் மேல் அல்லாமல், இயன்றவரை கேபிளின் முடிவில் பிரிந்து நிற்கும் கம்பிகளின் மேல் வைத்துக் கேட்க வேண்டும். ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலின் பின்புறத்தில் பஞ்ச் செய்த இடத்தில் கம்பி நுனிகளைத் தொட்டுக் கேட்பது, உறையின் மேல் கேட்பதைவிடப் பல மடங்கு துல்லியமானது.

இதன் பிறகும் குழப்பம் நீடித்தால் மீண்டும் அந்த இரண்டாவது கிளிப்புக்கே வர வேண்டும். எர்த்தில் மாட்டிய கறுப்புக் கிளிப் ஒலியை உரக்கச் செய்வதைப் போலவே பக்கத்துக் கேபிள்களுக்கும் பரப்பும். ஆகவே கற்றை எது என்று தெரியும்வரை எர்த், கற்றைக்குள் கேபிளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஜோடியின் இரு கம்பிகள் என்று இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன். ஒரே ஜோடி என்பதில் கவனம் தேவை. கம்பிகளின் வண்ண வரிசைக்கான தரங்களில் ஒன்றான டி568பி முறையில் பின் 1, 2 ஆரஞ்சு ஜோடி. 3, 6 பச்சை ஜோடி. 4, 5 நீலம். 7, 8 பழுப்பு. 3, 4 ஆகியவை அடுத்தடுத்து இருப்பதால் ஒரே ஜோடி என்று எண்ணி அவற்றில் கிளிப்பை மாட்டுபவர்கள் பலர். அவை இரண்டு வெவ்வேறு ஜோடிகளைச் சேர்ந்தவை, அப்போது ஒலி எல்லாப் பக்கமும் சிதறும். மற்றொரு தரமான டி568ஏ முறையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், ஆனால் எந்தப் பின் எதனுடன் ஜோடி என்பது மாறாது.

*ஷார்ட் சோதனை*

ஒரே ஜோடியில் இரு கிளிப்புகளையும் மாட்டியிருக்கும்போது, இதுதான் என்று நீங்கள் கருதும் கேபிளில் அதே ஜோடியின் இரு கம்பி நுனிகளையும் மறுமுனையில் ஒன்றோடொன்று தொடச் செய்ய வேண்டும். ப்ரோபில் ஒலி சட்டென்று அடங்கினால் அதுவே உங்கள் கேபிள், அதுவே உங்கள் ஜோடி. ஒலி அப்படியே தொடர்ந்தால், எவ்வளவு உரக்கக் கேட்டாலும் அது வேறு கேபிளிலிருந்து கசிந்து வந்ததே. ஒரு கம்பியிலும் எர்த்திலும் மாட்டியிருந்தால், அந்தக் கம்பியின் நுனியை எர்த்துடன் தொட்டு அதே சோதனையைச் செய்யலாம். கம்பிகளில் மின்னழுத்தம் இல்லை என்பது உறுதியான பிறகே இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது, ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

*ஒலி உண்மையாகவே பல இடங்களுக்குப் போகும் நிலை*

பழைய தொலைபேசிக் கம்பிகளில், ஒரே ஜோடியிலிருந்து பல அறைகளுக்கு இணையாகக் கிளை பிரித்திருப்பார்கள். அங்கே எல்லா முனைகளிலும் சம அளவில் ஒலி கேட்பது கசிவு அன்று, இணைப்பேதான். ஒரு முனையில் ஷார்ட் செய்தவுடன் எல்லா முனைகளிலும் ஒலி அடங்கினால் அவை ஒரே ஜோடியின் கிளைகள் என்று அறியலாம். அந்த நிலையில், பிரியும் இடத்தைக் கண்டு கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும்.

நூற்றுக்கணக்கான கேபிள்கள் கொண்ட கற்றையில், கட்டுகளை அவிழ்க்க வாய்ப்பே இல்லாமல், ஒலியும் பிரியவில்லை என்றால், டிஜிட்டல் டோனர் வாங்கும் செலவு நியாயமானது. அது கசிவைத் தனியாகப் பிரித்து, வலிமையான சைகையை எண்ணாகவோ விளக்காகவோ காட்டும். மாதம் ஒருமுறை மட்டும் இந்த வேலை வருமானால், அந்தக் கருவியை வைத்திருக்கும் கேபிளிங் நிபுணரை ஒரு நாள் அழைப்பதே சிக்கனம்.

அறிகுறி: நெட்வொர்க் சுவிட்சில் மாட்டியிருக்கும் கேபிளில் ஒலி மங்கிப்போகிறது

கேபிளின் மறுமுனை சுவிட்சிலோ கணினியிலோ செருகியிருக்கும்போது, அந்தப் போர்ட்டின் உள்ளே உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரின் சுருள், டோனர் அனுப்பும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் போலவே இருக்கிறது. ஆகவே ஒரே ஜோடியில் இரு கிளிப்புகளையும் மாட்டினால் ஒலி அங்கேயே அடங்கிவிடும். கேபிள் எங்கே போகிறது என்று தெரியாததால்தானே தேடுகிறோம், மறுமுனையை எப்படிக் கழற்றுவது என்று கேட்பது நியாயமே. அதற்கு விடை, ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து ஒரு கிளிப்பில் கடிக்கவிட்டு, மற்றதை எர்த்தில் மாட்டுவது. அப்போது சுருளால் ஒலியை அடக்க முடியாது.

அதுவும் போதாமல் இருந்தால், போர்ட்டின் விளக்கை மினுக்கச் செய்யும் வசதி கொண்ட சோதனைக் கருவியைப் பயன்படுத்தலாம். சுவிட்சின் முன்னால் நின்று எந்த விளக்கு சீராக அணைந்து எரிகிறது என்று பார்த்தால் போதும். அந்த வசதி இல்லாதபோது, ஒரு மடிக்கணினியைச் செருகி, பத்து நொடிக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி மாட்டச் சொல்லி, மறுமுனையில் விளக்கைக் கவனிப்பதும் அதே பயனைத் தரும். நிர்வகிக்கத்தக்க சுவிட்சாக இருந்தால், அந்தக் கணினியின் மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உரிய அடையாள எண்) எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று நெட்வொர்க் நிர்வாகியைக் கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். இயங்கிக்கொண்டிருக்கும் பிறரது இணைப்புகளை டோனருக்காகக் கழற்றுவதாக இருந்தால், அந்த நிர்வாகியின் ஒப்புதல் இல்லாமல் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஒலிக்குப் பதில் உறுமலும் இரைச்சலும் கேட்கிறது

டோனரை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். சத்தம் அப்படியே இருந்தால் அது உங்கள் ஒலி அன்று, பக்கத்திலுள்ள மின்வயர்களின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமல். டியூப்லைட்டின் சோக்கும், எல்இடி விளக்குகளின் டிரைவரும், விளக்கொளியைக் குறைக்கும் டிம்மரும், இன்வெர்ட்டரும் இதைப் பெருக்கும். அணைக்கக் கூடியவற்றை அணைத்து, மின்வயர் ஓடும் பாதையிலிருந்து ஓரடியாவது விலகி, அதே கேபிளை வேறோர் இடத்தில் தொட்டுக் கேட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டோனரில் ஒரே சீரான ஒலி, இரண்டு சுருதிகளுக்கிடையே மாறி மாறி வரும் ஒலி என்று தேர்வு இருந்தால், மாறி வருவதையே எப்போதும் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுமல் சீரானது, மாறி வரும் ஒலியைக் காது அதிலிருந்து எளிதில் பிரித்துவிடும். சில டோனர்களில் இந்தத் தேர்வு, பேட்டரி மூடிக்கு உள்ளே ஒரு சிறு நகர்த்தியாக ஒளிந்திருக்கும். பலர் ஆண்டுக்கணக்கில் அதைப் பார்க்காமலேயே பயன்படுத்தி வருகிறார்கள். உறுமலை வடிகட்டும் பொத்தான் உள்ள ப்ரோப்பையோ, காதில் மாட்டும் ஹெட்போனையோ சத்தமான இயந்திர அறைகளில் பயன்படுத்தலாம்.

உறுமல் ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் கேபிளில் மட்டும், அதுவும் அதன் முழு நீளத்திலும் மிகக் கடுமையாக இருந்தால், அதைத் தொடாமல் நிறுத்திவிட வேண்டும். எங்கோ அது மின்வயருடன் உரசிக்கொண்டிருக்கலாம். இங்கே எலக்ட்ரீஷியனை அழைப்பதைத் தவிர வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

அறிகுறி: ஒலி பாதிவழியில் நின்றுவிடுகிறது

சுவரில் கேபிளைத் தொடர்ந்து செல்லும்போது, ஓரிடம் வரை தெளிவாகக் கேட்டு அதற்குமேல் கேட்காமல் போனால் உடனே சுவரை உடைக்கத் தோன்றும். அந்த இடத்தில் கேபிள் உலோகக் குழாய்க்குள் நுழைந்திருக்கலாம், ஆழமாகத் திரும்பியிருக்கலாம், உலோகத் தகட்டின் பின்னால் போயிருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள, ஒலி நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு குறி இட்டுவிட்டு, டோனரை மறுமுனைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். அந்தப் பக்கத்து ஒலியும் அதே குறியில் வந்து நின்றால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டு ஒலிகளும் நின்ற இடங்களுக்கிடையே மீட்டர் கணக்கில் இடைவெளி இருந்தால், கேபிள் முழுதாகவே இருந்து, நடுவில் குழாயால் மறைக்கப்பட்டிருக்கலாம்; அதைக் கன்டினியூட்டி சோதனை தீர்த்துவைக்கும்.

அறுப்பு இல்லாமல் ஷார்ட்டாக இருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். ஜோடியின் இரு கம்பிகளிலும் கிளிப்புகளை மாட்டினால் தொடக்கத்திலிருந்தே ஒலி மங்கலாக இருக்கும். இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக மாட்டினால் நன்றாகக் கேட்கும். இதைக் கண்டால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அந்த ஜோடியின் மின்தடையை அளக்க வேண்டும். வழக்கமான 24 கேஜ் செம்புக் கம்பியில், போய்வரும் இரு கம்பிகளையும் சேர்த்து 100 மீட்டருக்கு ஏறத்தாழ 17 ஓம் வரும். அதாவது 1 ஓம் என்பது சுமார் 6 மீட்டர். மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையைக் கழித்துவிட்டு இரு முனைகளிலிருந்தும் அளந்து, இரண்டு கணக்கும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பலாம். செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் தடை அதிகம் என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வகைக் கேபிளைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும்.

அறுந்த கம்பிக்கு மின்தடைக் கணக்கு உதவாது, மின்தேக்கத்தை அளக்கும் மல்டிமீட்டர் உதவும். முதல் முனையிலிருந்து அறுந்த ஜோடியின் மின்தேக்கத்தையும், மறுமுனையிலிருந்து அதே ஜோடியின் மின்தேக்கத்தையும் அளந்தால், இரண்டு எண்களும் அறுப்புக்கு இருபுறமும் உள்ள நீளங்களின் விகிதத்திலேயே இருக்கும். 3 நானோஃபாரடும் 1 நானோஃபாரடும் வந்தால், முதல் முனையிலிருந்து நீளத்தில் முக்கால் பங்கு தொலைவில் அறுப்பு இருக்கிறது. இந்தச் சோதனைக்கு இரு முனைகளிலும் எதுவும் செருகியிருக்கக் கூடாது. சுவரில் ஒரே ஒரு துளையோடு வேலை முடிந்த சந்தர்ப்பங்கள் எல்லாம் எனக்கு இந்த விகிதக் கணக்கால்தான் கிடைத்தன.

கேபிள் தரைக்கு அடியில் போனாலோ, அறுப்பு கான்கிரீட்டுக்குள் இருப்பதாகக் கணக்கு சொன்னாலோ, டிடிஆர் கருவி வைத்திருக்கும் நிபுணரை அழைக்க வேண்டும். அக்கருவி அறுப்பு உள்ள தொலைவை மீட்டரில் சொல்லும். அதற்கு முன், அந்தப் பழைய கேபிளைக் கைவிட்டுப் புதியதை வெளிப்பாதையில் இழுப்பது செலவில் குறைவாக இருக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஷீல்டு கேபிளிலும் கோஆக்சியல் கேபிளிலும் ஒலி வெளியே வரவில்லை

எர்த் செய்யப்பட்ட ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை, ஒலியை உள்ளேயே அடக்கிவிடும். நடுக்கம்பியிலும் ஷீல்டிலும் கிளிப்புகளை மாட்டிவிட்டு, உறையின் மேல் ப்ரோபை வைத்துத் தேடுவதில் பயனில்லை. இரு முனைகளிலும் ஷீல்டை எர்த்திலிருந்து கழற்றிவிட்டு, சிவப்புக் கிளிப்பை அந்த ஷீல்டிலேயே மாட்டி, கறுப்பை எர்த்தில் மாட்டினால் கேபிளின் முழு நீளமும் ஒலிக்கும். ஷீல்டை அப்படி எர்த்திலிருந்து விடுவிக்க முடியாதபோது, பிளக்கைக் கழற்றி நடுக்கம்பியை ப்ரோபின் நுனியால் நேரடியாகத் தொட்டுத்தான் கேட்க வேண்டும். தொலைக்காட்சிக் கேபிளில் வழியில் சைகையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் ஒலி அங்கே நின்றுவிடக் கூடும். அதைக் கழற்றித் தனித்தனித் துண்டுகளாகத் தேட வேண்டும்.

கண்ணாடி இழைக் கேபிளில் செம்பு இல்லாததால் டோனருக்கு அங்கே வேலையே இல்லை. சிவப்பு லேசர் ஒளி பாய்ச்சும் கருவிதான் தேவை. அந்த முனையைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது.

அறிகுறி: கேபிளைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனாலும் இணைப்பு வேலை செய்யவில்லை

டோனர் கேபிளைக் காட்டுமே தவிர, எட்டுக் கம்பிகளும் சரியான பின்னில் இருக்கின்றன என்று சான்று தராது. ஒரே ஒரு கம்பி நலமாக இருந்தாலும் ஒலி உரக்கவே வரும். எட்டுக் கம்பிகளையும் வரிசையாகக் காட்டும் எளிய கேபிள் டெஸ்டரை மாட்டி, இரு முனைகளிலும் ஒரே வண்ண முறை பின்பற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தவறான முனையை மீண்டும் பஞ்ச் செய்ய வேண்டும். டெஸ்டர் எல்லாம் சரி என்று காட்டியும் இணைப்பு வேகம் குறைவாக இருந்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, ஜோடிகள் கலந்து பிரிந்திருக்கலாம், அதாவது ஒரே ஜோடிக்குரிய பின்களில் வெவ்வேறு முறுக்குகளின் கம்பிகள் இருக்கலாம். எளிய டெஸ்டர்கள் அதைக் காட்டுவதில்லை. அங்கே சான்றளிக்கும் அளவைக் கருவியுடன் வரும் கேபிளிங் நிபுணரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தீ எச்சரிக்கை அமைப்பின் கம்பிகளும் மருத்துவக் கருவிகளின் கம்பிகளும் கற்றையில் இருப்பதாகத் தெரிந்தால், அவற்றில் டோனரை மாட்டிச் சோதிக்கவே வேண்டாம். அந்த அமைப்பின் கட்டுப்பாட்டுப் பலகையில் பொய் எச்சரிக்கை எழக்கூடும். உண்மையான எச்சரிக்கை வராமல் போகவும் கூடும். அந்த அமைப்பைப் பராமரிப்பவர் நேரில் இருக்கும்போது மட்டுமே அந்தக் கற்றையைத் தொட வேண்டும்.